நேற்றுப் பாடிய டேப் இன்று ஏன் பாடவில்லை?

பழைய டேப் இருக்கிற வீடுகளில் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி எழுந்துவிடுகிறது. டேப் கீழே விழவில்லை. தண்ணீர் படவில்லை. திரை பளிச்சென்று எரிகிறது, சார்ஜும் ஏறுகிறது. நேற்று இரவு வரை ஓடிய ஆப் இன்று காலையில் ஓட மாட்டேன் என்கிறது. உள்ளே தேய்ந்துபோகப் பல்சக்கரம் எதுவும் கிடையாது. ஆப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எதுவுமே மாறாத ஒரு பொருள் எப்படிக் கெட்டுப்போகும்?

வீரகேரளம்புதூரில், ஊர்க்காரர்கள் சொல்வதுபோல வீ.கே.புதூரில், ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வீடு விளக்கத்துக்காக நான் அமைத்தது. ஆனால் அங்கே டேப்பை நிறுத்திய காரணமும் அதற்குப் பின்னால் இருக்கும் உலக நிகழ்ச்சிகளும் உண்மையில் நடந்தவை. அந்த வீட்டு ஆச்சியிடம் 2016-இல் வாங்கிய ஒரு டேப் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 6 அதில் ஓடுகிறது. காலையில் பாட்டு கேட்க ஒரு வானொலி ஆப், மத்தியானம் படிக்க ஒரு புத்தக ஆப். 2024 மார்ச் 15 காலையில் வானொலி நின்றது.

“ஏல, நேத்து ராத்திரி நல்லாத்தான பாடிச்சு. இப்ப நெட்டு இல்லங்கு.”

பேரன் பார்க்கிறான். வைஃபை இருக்கிறது. அதே டேப்பில் கூகுளில் எதையாவது தேடினால் முடிவுகள் வருகின்றன. அவனுடைய போனில் அதே வானொலி ஆப் பாடுகிறது. டேப்பில் மட்டும், இணைய இணைப்பைச் சரிபார்க்கவும் என்ற ஒரே வரி. கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், “ரீசெட் அடிச்சுப் பாக்கலாம்.” அதைச் செய்யக் கூடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த மாதிரி நின்றது?

ஆப் நிற்பது எல்லாம் ஒரே மாதிரி அல்ல. எப்படி நின்றது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஆப்பைத் தொட்டதும் திறந்து, உடனே தானாக மூடிக்கொண்டால் கோளாறு பெரும்பாலும் டேப்புக்குள்ளேயே இருக்கிறது. சேமிப்பிடம் நிறைந்திருக்கலாம். அல்லது பல ஆப்கள் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு பொதுப் பகுதி பழுதாகியிருக்கலாம். 2021 மார்ச்சில் உலகம் முழுவதும் இது நடந்தது. ஆண்ட்ராய்டில் வெப்வியூ என்று ஒரு பகுதி உண்டு. இணையப் பக்கங்களைத் தங்களுக்குள் காட்ட ஆயிரக்கணக்கான ஆப்கள் அதைத்தான் நம்பியிருக்கின்றன. அதற்குக் கூகுள் அனுப்பிய ஒரு புதுப்பிப்பில் பிழை இருந்தது. மார்ச் 23 காலையில் இந்தியாவில் விழித்தவர்களில் பலர், ஜிமெயில் உட்பட வரிசையாகப் பல ஆப்கள் மூடிக்கொள்வதைப் பார்த்தார்கள். புதிய போன்களும் தப்பவில்லை. அந்த ஒரு புதுப்பிப்பை நீக்கியதும் எல்லாம் திரும்பின.

ஆப் திறக்கிறது, ஆனால் ‘புதிய பதிப்புக்கு மாறுங்கள்’ என்கிறது, பிளே ஸ்டோரிலோ இந்த டேப்புக்குப் புதிய பதிப்பு இல்லை என்றால் அது ஆப்பை நடத்தும் நிறுவனத்தின் முடிவு. ஆண்ட்ராய்டு 5-க்கு முந்தைய கருவிகளை வாட்ஸ்அப் 2023 அக்டோபர் 24-இல் கைவிட்டது இந்த வகை. இதற்கு வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் கிடையாது.

மூன்றாவது வகைதான் ஆச்சியுடையது. ஆப் திறக்கிறது, பட்டன்கள் எல்லாம் தெரிகின்றன, ஆனால் வெளியிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை. ஒரு தளம் வருகிறது, இன்னொன்று வரவில்லை. மனிதர்களை அதிகமாக ஏமாற்றுவது இந்த வகைதான். அதனால் இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றியது.

தென்காசி இல்லாத பட்டியல்

வானொலி ஆப்பைத் தொட்டதும் டேப் தொலைவில் இருக்கும் ஒரு கணினியைத் தொடர்புகொள்கிறது. பாட்டைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறது: நீ உண்மையாகவே அந்த வானொலிதானா? வழியில் யாரோ நடுவே புகுந்து அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கலாம் அல்லவா? பதிலாக எதிர்முனை ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் தளத்தின் பெயர், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும், யார் கையொப்பமிட்டது என்ற விவரங்கள் இருக்கும். கையொப்பமிட்டவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர் என்று அந்தச் சங்கிலி போய், கடைசியில் ஒரு தலைமைச் சான்றில் முடியும். அதை மூலச் சான்று என்று அழைப்போம்.

அந்த மூலச் சான்றை டேப் எப்படி நம்புகிறது? டேப்பைத் தயாரிக்கும்போதே, நம்பத்தக்க மூலச் சான்றுகள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவற்றின் பட்டியலை உள்ளே பதித்து அனுப்புகிறார்கள். பட்டியலில் இருந்தால் சரி. இல்லையென்றால் எவ்வளவு உண்மையான சான்றிதழாக இருந்தாலும் டேப் பேச்சை முறித்துக்கொள்ளும்.

வீ.கே.புதூர் தாலுகா அலுவலகத்தில் வாங்கிய ஒரு சான்றிதழை எங்கோ தொலைதூரத்து அலுவலகம் ஒன்றில் நீட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ளவர்களுக்கு உங்களையும் தெரியாது, கையொப்பமிட்டவரையும் தெரியாது. மாவட்டத்தின் பெயரைப் பட்டியலில் தேடிப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வார்கள். தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 22-இல். அந்த அலுவலகத்தின் பட்டியல் 2016-இல் அச்சிட்டதாக இருந்தால் அதில் திருநெல்வேலி இருக்கும், தென்காசி இருக்காது. உங்கள் சான்றிதழில் ஒரு குறையும் இல்லை. ஆனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழைய மாவட்டம் ‘இவர்கள் நம்மவர்கள்தான்’ என்று கூடவே ஒரு கையொப்பம் போட்டுத் தந்தால் ஏற்றுக்கொள்வார்கள். அந்தக் கூடுதல் கையொப்பத்தைக் குறுக்கொப்பம் என்று சொல்லலாம். ஆச்சியின் டேப்புக்கு நேர்ந்தது ஏறக்குறைய இதேதான்.

புதிதாக வந்த கையொப்பக்காரர்

இணையத் தளங்களுக்குச் சான்றிதழ் வாங்குவது ஒரு காலத்தில் காசு செலவாகும் வேலை. சிறிய தளங்கள் அது இல்லாமலே இருந்தன. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற சேவை 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தபோது இந்த நிலை மாறியது. இலவசம், கணினியே தானாக வாங்கிக்கொள்ளும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். இன்று கோடிக்கணக்கான தளங்களின் பாதுகாப்பு இந்த ஒரு சேவையால் நடக்கிறது. சிறு பத்திரிகைகளும் பள்ளிகளும் உள்ளூர் வானொலிகளும் பூட்டிய இணைப்பில் பேச முடிவது இதனால்தான். அண்மைக் காலத்தில் இணையத்துக்கு யாரும் செய்த மிகப் பெரிய நன்மைகளில் ஒன்று இது என்பது என் எண்ணம்.

ஆனால் அதன் சொந்த மூலச் சான்று 2015 ஜூனில்தான் பிறந்தது. ஆண்ட்ராய்டின் பட்டியலில் அது ஏறியது 7.1.1 பதிப்பில், 2016 டிசம்பரில். ஐபேடின் பட்டியலில் ஏறியது ஐஓஎஸ் 10-இல். அதற்கு முன் உலகில் விற்றுப்போன கருவிகளுக்கு இவர்களை யாரென்றே தெரியாது. ஆகவே லெட்ஸ் என்கிரிப்ட் தொடக்கத்திலேயே ஐடென்டிரஸ்ட் என்ற பழைய நிறுவனத்திடம் குறுக்கொப்பம் வாங்கிக்கொண்டது. ஐடென்டிரஸ்டின் மூலச் சான்று 2000-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பழைய கருவிகளுக்கெல்லாம் அது தெரிந்த பெயர்.

அந்தப் பழைய மூலச் சான்றுக்கும் ஒரு முடிவு நாள் இருந்தது: 2021 செப்டம்பர் 30. இந்திய நேரப்படி மாலை 7 மணி 31 நிமிடம் 15 விநாடி.

ஒரே மாலை, இரண்டு விதி

கொரோனா இரண்டாம் அலைக்குப் பின் தமிழ்நாட்டில் 9 முதல் 12 வரையான வகுப்புகள் அந்த செப்டம்பரில்தான் மீண்டும் திறந்திருந்தன. ஒன்று முதல் எட்டு வரையான பிள்ளைகள் நவம்பர் 1 வரை வீட்டிலிருந்தே படித்தார்கள். அலமாரியில் கிடந்த பழைய கருவிகள்கூடத் தூசி தட்டி எடுக்கப்பட்ட காலம் அது.

அன்று மாலை 7.31-ஐத் தாண்டியதும் 2011-இன் ஐபேட் 2 போன்ற கருவிகளில் எத்தனையோ தளங்கள் திறக்க மறுத்தன. ஐபேட் 2-ஐ ஆப்பிள் ஐஓஎஸ் 9-உடன் நிறுத்திவிட்டிருந்தது. புதிய மூலச் சான்று அதன் பட்டியலில் இல்லை, பழையதோ காலாவதி. இப்படி ஒரு குறிப்பிட்ட விநாடியில், கையில் பிடித்திருக்கும்போதே ஒரு கருவியின் உலகம் சுருங்கிப்போனது.

அதே வயதுள்ள ஆண்ட்ராய்டு கருவிகளுக்கோ அன்று ஒன்றும் ஆகவில்லை. இதற்குப் பின்னால் இருக்கும் நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. தன் பட்டியலில் இருக்கும் மூலச் சான்றுக்கு முடிவு நாள் வந்துவிட்டதா என்று ஆண்ட்ராய்டு பார்ப்பதில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறது. இதைக் கவனித்த லெட்ஸ் என்கிரிப்ட், 2021 ஜனவரியில் ஐடென்டிரஸ்டிடம் இன்னொரு குறுக்கொப்பம் வாங்கியது. கையொப்பமிடும் மூலச் சான்றின் ஆயுள் 2021-உடன் முடிகிறது. அது போட்ட கையொப்பமோ 2024 செப்டம்பர் 30 வரை செல்லும். கேட்பதற்கு விசித்திரம்தான், ஆனால் விதிகளுக்கு உட்பட்டது. 2020 நவம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் தந்த கணக்குப்படி ஆண்ட்ராய்டு கருவிகளில் 33.8 சதவீதம் 7.1-க்கு முந்தையவை. மூன்றில் ஒரு பங்கு! அத்தனை பேருக்கும் மூன்று ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. கருவி வாங்கியவர்களில் ஒருவருக்கும் தெரியாமல், அவர்களுக்காக யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த உதவி.

வானொலி மார்ச்சில், புத்தகம் ஏப்ரலில்

அந்த மூன்று ஆண்டு முடிகிற நேரத்துக்கு ஆச்சியின் கதை வருகிறது. 2024 பிப்ரவரி 8-இலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட், தான் புதிதாகத் தரும் சான்றிதழ்களோடு அந்தக் குறுக்கொப்பத்தை வழக்கமாகச் சேர்த்து அனுப்புவதை நிறுத்தியது. கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் ஜூன் 6 வரை கொடுத்தது.

பிப்ரவரி 8 அன்றே ஆச்சியின் வானொலி நின்றிருக்க வேண்டாமா? இங்கேதான் ‘திடீரென்று’ என்பதன் விளக்கம் இருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் ஆயுள் அப்போது 90 நாள். வழக்கமாக 60 நாள் ஆனதும் தளத்தின் கணினி தானே புதியதை வாங்கிக்கொள்ளும். வானொலித் தளம் முந்தைய சான்றிதழை ஜனவரி 15-இல் வாங்கியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது குறுக்கொப்பம் சேர்ந்தே வந்தது. அறுபதாம் நாள் மார்ச் 15. விடியற்காலையில், எல்லோரும் தூங்கும்போது, தளத்தின் கணினி புதிய சான்றிதழை எடுத்துப் பொருத்திக்கொண்டது. இந்த முறை குறுக்கொப்பம் இல்லை. தளத்தை நடத்துபவருக்கே எதுவும் தெரியாது. அவருடைய புதிய போனில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. காலையில் ஆச்சி டேப்பைத் தொட்டபோது, சங்கிலியின் மேல்முனையில் தனக்குத் தெரியாத ஒரு பெயரைக் கண்டு டேப் பேச்சை முறித்துக்கொண்டது.

புத்தக ஆப்பின் தளம் பிப்ரவரி 2-இல் சான்றிதழ் வாங்கியிருந்தால் அதன் அறுபதாம் நாள் ஏப்ரல் 2. அதுவரை புத்தகம் படிக்கலாம், பிறகு அதுவும் நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாக ஆப்கள் விழுவதைப் பார்க்கும் யாருக்கும், டேப் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது என்றுதான் தோன்றும். உள்ளே ஒன்றும் சாகவில்லை. ஒவ்வொரு தளமும் தன் தன் நாளில் சான்றிதழை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். கூகுள் தேடல் நிற்காமல் ஓடியதும் இதனால்தான்: கூகுளின் சான்றிதழ்ச் சங்கிலி வேறு, அது பழைய டேப்புகளுக்கும் தெரிந்த ஒரு பெயரில் போய் முடிகிறது.

பட்டியலை ஏன் புதுப்பிக்கவில்லை என்று கேட்கலாம். ஆண்ட்ராய்டில் நெடுங்காலம் அந்தப் பட்டியல் இயங்குதளத்தின் உள்ளே பூட்டிக் கிடந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் டேப் தயாரித்தவர் முழு இயங்குதளப் புதுப்பிப்பை அனுப்ப வேண்டும். குறைந்த விலை டேப்புகளுக்கு அப்படி அனுப்புவது அரிது. பிளே ஸ்டோர் வழியாகவே பட்டியலைப் புதுப்பிக்கும் வழி 2023-இல், ஆண்ட்ராய்டு 14-உடன்தான் வந்தது. இது பத்து ஆண்டுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய மாற்றம்.

முதலில் ஆண்டைப் பாருங்கள்

வைத்தியத்துக்கு வருவோம். வேறு எதையும் தொடுவதற்கு முன் டேப்பின் தேதியைப் பாருங்கள், முக்கியமாக ஆண்டை. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த டேப்பில் கடிகாரம் நின்றுபோய், மீண்டும் உயிர் வரும்போது 1970 ஜனவரி 1 என்றோ தயாரித்த ஆண்டு என்றோ காட்டலாம். சான்றிதழில் முடிவு நாள் மட்டுமல்ல, தொடக்க நாளும் இருக்கிறது. 1970-இல் நிற்கும் டேப்புக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாமே இன்னும் பிறக்காதவை. தேதியைச் சரிசெய்தால், அதனால் நின்ற ஆப்கள் எல்லாம் அந்த நிமிடமே ஓடும்.

அப்படியானால் கடிகாரத்தைப் பின்னோக்கி 2020-க்குத் தள்ளி டேப்பை ஏமாற்றலாமா என்று ஒரு யோசனை வரும். உதவாது. தளத்தின் சான்றிதழ் சில வாரங்களுக்கு முன் வாங்கியது. 2020-இல் நிற்கும் டேப் அதையும் பிறக்காததாகவே பார்க்கும்.

தேதி சரியாக இருந்து, சில தளங்கள் வந்து சில வரவில்லை என்றால் மூலச் சான்றுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சோதிக்க எளிய வழி ஃபயர்ஃபாக்ஸ் உலாவி. அது டேப்பின் பட்டியலை நம்புவதில்லை. தன்னுடைய பட்டியலைக் கூடவே சுமந்து வருகிறது. ஆண்ட்ராய்டு 6-இல் ஓடும் அதன் பதிப்பு ஒன்று டேப்பில் இருந்து, வானொலித் தளம் அதில் திறந்து, மற்ற உலாவியில் திறக்காவிட்டால் நோய் இன்னதென்று உறுதியாகிவிடும். ஆச்சிக்கு அதுவே மருந்தாகவும் ஆகலாம்: ஆப்புக்குப் பதிலாக ஃபயர்ஃபாக்ஸில் அந்த வானொலியைத் திறந்து, முகப்புத் திரையில் ஒரு குறுக்குவழி வைத்துக் கொடுத்துவிடலாம்.

ஆப்பே ஓட வேண்டும் என்றால் விடுபட்ட மூலச் சான்றை நாமே பட்டியலில் சேர்க்கலாம். லெட்ஸ் என்கிரிப்டின் தளத்திலேயே அது கிடைக்கிறது. பெயர் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1. அந்தத் தளமும் அதே சான்றைத்தான் பயன்படுத்துகிறது என்பதால், ஃபயர்ஃபாக்ஸ் இல்லாத பழைய டேப்பில் அது திறக்காது. புதிய போனில் இறக்கி, புளூடூத்திலோ மெமரி கார்டிலோ டேப்புக்கு மாற்றுங்கள். டேப்பின் அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குப் போனால் சேமிப்பகத்திலிருந்து சான்றிதழை நிறுவும் வசதி இருக்கும். திரைக்குப் பூட்டு எண் வைக்கச் சொல்லும், வைக்க வேண்டும். பிறகு, உங்கள் இணையப் போக்குவரத்தை யாரோ கண்காணிக்கலாம் என்று ஓர் எச்சரிக்கை வரும். பட்டியலில் வெளியிலிருந்து ஒன்று சேர்ந்தாலே வருகிற பொதுவான எச்சரிக்கை அது. ஆண்ட்ராய்டு 6 வரை, இப்படிச் சேர்த்ததை ஆப்களும் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன. 7-இலிருந்து பெரும்பாலான ஆப்கள் ஏற்பதில்லை.

யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாமா?

அந்த எச்சரிக்கைக்கு ஒரு நியாயம் உண்டு. பட்டியலில் சேர்கிற ஒவ்வொரு பெயரும் எந்தத் தளத்துக்கும் சான்று தரும் அதிகாரம் பெறுகிறது. அந்த அதிகாரம் நம் நாட்டிலேயே தவறாகப் பயன்பட்டது 2014 ஜூலையில் தெரியவந்தது. கூகுளின் பெயர்களுக்கு, கூகுளுக்குத் தெரியாமல் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் கண்டுபிடிக்கப்பட்டன. வழங்கியது தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவு. அதற்கு மேலே இருந்த இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்று விண்டோஸின் பட்டியலில் இருந்தது, எனவே விண்டோஸ் கணினிகள் அவற்றை நம்பியிருக்கும். ஆண்ட்ராய்டின் பட்டியலில் அது இல்லாததால் ஆண்ட்ராய்டு தப்பித்தது. அந்தச் சான்றிதழ்கள் உடனே ரத்து செய்யப்பட்டன.

ஆகவே லெட்ஸ் என்கிரிப்டின் சொந்தத் தளத்திலிருந்து நீங்களே எடுத்ததை மட்டும் சேருங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது, யாரோ வீடியோவில் காட்டியது எதையும் தொடாதீர்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஆண்ட்ராய்டு 6 டேப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. பாட்டு கேட்கலாம், படிக்கலாம். வங்கிக் கணக்கையும் யுபிஐ-யையும் அதில் வைக்காதீர்கள்.

ரீசெட் ஏன் கூடாது என்பதும் இப்போது விளங்கியிருக்கும். ரீசெட் செய்தால் டேப் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிலைக்குப் போகும். விடுபட்ட மூலச் சான்று அந்த நாளிலும் அதில் கிடையாது. இடைப்பட்ட ஆண்டுகளில் வந்து சேர்ந்த வெப்வியூ, உலாவி ஆகியவற்றின் புதுப்பிப்புகள் போய்விடும். பிளே ஸ்டோரில் இப்போது கிடைக்காத பழைய ஆப்களும் போய்விடும், அவற்றைத் திரும்பப் பெற எளிய வழியில்லை.

ஆப் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் 2011-இலிருந்து இயங்குகிறது. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் இன்று மென்பொருள் எழுதுகிறார்கள். அவர்களுக்கும், எங்கிருந்தாலும் ஆப் எழுதுகிற எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சான்றிதழ்ச் சங்கிலி ஒத்துவரவில்லை என்பது டேப்புக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தகவலை அது ஆப்புக்கும் கொடுக்கிறது. பல ஆப்கள் அதை வாங்கிவைத்துக்கொண்டு ‘இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்று சொல்கின்றன. அந்தத் தவறான வரியை நம்பி மக்கள் மீண்டும் ரீசார்ஜ் செய்கிறார்கள், மோடத்தை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள், நல்ல டேப்பைத் தூக்கி எறிகிறார்கள். ‘தேதி சரியா என்று பாருங்கள்; சரியாக இருந்தால், இந்தக் கருவியில் ஒரு சான்று பழையதாகிவிட்டது’ என்று இரண்டு வரி, தமிழில், எழுதிச் சேர்க்க அதிக நேரம் ஆகாது. அடுத்த பதிப்பில் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.